கிணற்றுத் தண்ணீரும் போத்தல் கோப்பியும்: உங்கள் வீட்டில் எந்த உடனடிக் கோப்பி?

திருநெல்வேலி வாசி எழுதியது:

உடனடிக் கோப்பி குடிப்பவர்களிடம் ஒரு கேள்வி. ஒரே போத்தலில் உள்ள கோப்பி ஊருக்கு ஊர் இவ்வளவு மாறுமா?

ஒஸ்லோவில் இருக்கும் தம்பி ஊருக்கு வரும்போதெல்லாம் ஒரு கண்ணாடிப் போத்தல் கோப்பி கொண்டு வருவான். முழுக்க அரபிக்கா இனக் கொட்டை. உறைய வைத்து உலர்த்திய வகை என்பதால் தூளாக இருக்காது. கூரிய விளிம்புள்ள சின்னச் சின்னத் துண்டுகளாக, வெளிர் பழுப்பு நிறத்தில் இருக்கும். அவன் வீட்டுக்குப் போயிருந்தபோது அதே கோப்பியைக் குடித்திருக்கிறேன். பாலும் சீனியும் சேர்க்காமலே நாக்கின் ஓரங்களில் இதமான ஒரு புளிப்பு நின்றது. வாசம் சமையலறையைத் தாண்டி வந்தது. இங்கே யாழ்ப்பாணத்துத் திருநெல்வேலியில் எங்கள் கிணற்றுத் தண்ணீரில் கலக்கினால் அந்தப் புளிப்பு அடியோடு இல்லை. வாசமும் பாதிதான். குடித்து முடித்த பிறகு நாக்கில் மாப்படிந்தது மாதிரி இருக்கிறது.

பெரியகடையில் வாங்கும் சாதாரண நெஸ்கபே தூளை அதே தண்ணீரில், அதே கோப்பையில் கலக்கினால் அது திடமாக நிற்கிறது. கசப்பு இருக்கிறது, கனம் இருக்கிறது, பால்மா சேர்த்தாலும் கோப்பியின் குணம் போகவில்லை. விலையில் பல மடங்கு கூடிய ஒன்று மலிவான ஒன்றிடம் ஏன் தோற்க வேண்டும்? போத்தல் பழையதும் அல்ல; வந்த அன்றே முத்திரைத் தாளைக் கிழித்துக் கலக்கினோம்.

பதில் எழுதுபவர்கள் வெறும் பெயரை மட்டும் எழுதிவிட்டுப் போகாமல், பசுப்பாலா, பால்மாவா, வெறுங்கோப்பியா, எந்த ஊர்த் தண்ணீர் என்பதையும் சேர்த்து எழுதினால் எல்லோருக்கும் உதவும்.


மூக்குப்பேணி எழுதியது:

பிள்ளை, போத்தலில் வருவதை நான் கோப்பிக் கணக்கில் சேர்ப்பதே இல்லை. கோபிக்க வேண்டாம். நாற்பது வயது வரைக்கும் எங்கள் வீட்டில் கோப்பி என்றால் என்ன என்பதைச் சொல்கிறேன், பிறகு நீங்களே ஒப்பிட்டுப் பாருங்கள்.

கோப்பிக்கொட்டையை இரும்புத் தாச்சியில் சிறு நெருப்பில் வைத்துக் கை விடாமல் கிளறி வறுக்க வேண்டும். கருகவிட்டால் அன்றைய வேலை முழுவதும் வீண். மல்லி, மிளகு, சீரகம், வேர்க்கொம்பு (சுக்கு) எல்லாவற்றையும் தனித்தனியே வறுக்க வேண்டும். ஒன்றாகப் போட்டால் மல்லி சிவக்கும்போது சீரகம் கரிந்துவிடும். பிறகு உரலில் இடித்து, அரிதட்டில் அரித்து, ஆறவிட்டு, ஈரமில்லாத போத்தலில் அடைக்க வேண்டும். உரலில் இடிக்கும்போது அயல் வீட்டாருக்கே தெரிந்துவிடும். குடிக்கும்போது கொதிநீரில் தூளைப் போட்டு மூடி வைத்து, மண்டி இறங்கியதும் தெளிந்ததை மட்டும் வார்க்க வேண்டும். வார்க்கும் மூக்கு வைத்த மூக்குப்பேணியை உதட்டில் படாமல் உயர்த்திப் பிடித்து, இடையிடையே பனங்கட்டியைக் கடித்துக்கொள்ள வேண்டும். சீனியைக் கலக்கிக் குடித்தால் கோப்பி முழுவதும் ஒரே இனிப்பு. பனங்கட்டியைக் கடித்தால் ஒவ்வொரு மிடறும் கசப்பில் தொடங்கி இனிப்பில் முடியும். அந்த ஏற்ற இறக்கத்தை எந்தப் போத்தலும் தராது.

இதில் எந்த நிறுவனம் நல்லது என்ற கேள்விக்கே இடமில்லை. வறுத்தவர் யார் என்பதுதான் கேள்வி.


இரவுப்பணி எழுதியது:

மூக்குப்பேணி ஐயா, நீங்கள் எழுதியதை வாசிக்கும்போதே குடிக்க வேண்டும் போலிருக்கிறது. ஆனால் நான் தாதியாக வேலை செய்கிறேன். இரவு இரண்டு மணிக்கு ஆஸ்பத்திரி விடுதியில் மண்டி இறங்கும் வரை காத்திருக்க எனக்கு நேரமில்லை. சுடுதண்ணீர்ப் போத்தலும் ஒரு தேக்கரண்டியும் இருந்தால் ஒரு நிமிடத்தில் முடிய வேண்டும். உடனடிக் கோப்பி என்னைப் போன்றவர்களுக்காகவே உண்டானது என்று நினைக்கிறேன்.

முன்பு எல்லாம் கலந்த சின்னப் பக்கெட்டுகளைத்தான் கொண்டு போவேன். ஒருநாள் பின்பக்கத்தில் சேர்மானப் பட்டியலைப் பார்த்தேன். எது எடையில் அதிகமோ அதுவே பட்டியலில் முதலில் வர வேண்டும் என்பது விதி. முதலில் சீனி, அடுத்தது பாலுக்குப் பதிலாகச் சேர்க்கும் வெண்தூள், அதற்குப் பிறகுதான் கோப்பி. அன்றிலிருந்து தனிக் கோப்பித்தூளை ஒரு சின்னப் போத்தலிலும் பால்மாவை இன்னொன்றிலும் எடுத்துப் போகிறேன். சீனி சேர்ப்பதில்லை. செலவும் குறைவு, அளவும் என் கையில்.

ருசியைப் பற்றிக் கேட்டால், எனக்குக் கசப்புத் தூக்கலாக இருக்க வேண்டும். விலை குறைந்த தூள்களில் பெரும்பாலும் ரொபஸ்டாக் கொட்டையே கூடுதலாக இருக்கும். அரபிக்காவைவிட அதில் கஃபீன் ஏறக்குறைய இரண்டு மடங்கு. மென்மையான அரபிக்காக் கோப்பி ஞாயிற்றுக்கிழமை மாலைக்கு நல்லது. விடியும் வரை விழித்திருக்க வேண்டியவளுக்கு ரொபஸ்டாதான் துணை. ஒன்றை மட்டும் மறக்காதீர்கள்: வளர்ந்த ஒருவருக்கு நாளொன்றுக்கு 400 மில்லிகிராம் கஃபீன் வரை, கர்ப்பிணிகளுக்கு 200 வரை என்பதே பொதுவாகச் சொல்லப்படும் எல்லை. உடனடிக் கோப்பியில் ஒரு கோப்பைக்குச் சராசரியாக 60 மில்லிகிராம் அளவில் இருக்கும். தேநீரில் உள்ளதையும் கணக்கில் சேர்க்க வேண்டும்.


சென்னையில் படித்தவன் எழுதியது:

நான் சிக்கரிக் கட்சி. படிக்கப் போன இடத்தில் பழகிய நாக்கு, திரும்பி வந்த பிறகும் மாறவில்லை. புரூ மாதிரியான இந்தியத் தூள்களில் கோப்பியோடு சிக்கரி என்ற கிழங்கை வறுத்துச் சேர்க்கிறார்கள். சிக்கரியில் கஃபீன் கிடையாது. நிறமும், தடிப்பும், வறுத்த சீனிப்பாகின் சாயலும் தருவது அதுதான். எவ்வளவு சேர்த்திருக்கிறார்கள் என்பதை வீதக் கணக்கில் பொதியிலேயே அச்சிட வேண்டும் என்பது அங்கே சட்டம். வாங்கும்போது அந்த எண்ணைப் பாருங்கள். கோப்பியின் பங்கு குறையக் குறைய விலை இறங்கும், தடிப்புக் கூடும், விழிப்புத் தரும் வலு குறையும்.

வெறுங்கோப்பியாகக் குடிப்பவர்களுக்குச் சிக்கரி ஒத்துவராது. பசுப்பாலைக் காய்ச்சி, தண்ணீரே சேர்க்காமல் அதிலேயே தூளைக் கலக்கிப் பாருங்கள், அப்போதுதான் அதன் அருமை தெரியும். முதலில் கோப்பையில் தூளையும் சீனியையும் இரண்டு சொட்டுத் தண்ணீர் விட்டு வெளிறும் வரை அடித்துவிட்டுப் பாலை உயரத்திலிருந்து ஊற்ற வேண்டும். 2023 ஒக்டோபரில் நாகப்பட்டினத்திலிருந்து காங்கேசன்துறைக்குக் கப்பல் ஓடத் தொடங்கிய பிறகு, போய் வரும் யாரிடமாவது ஒரு பொதி சொல்லிவிட முடிகிறது. எனக்கு அது போதும்.

அக்காவின் கேள்விக்கு என் பதில்: தம்பி கொண்டு வருவது பாலுக்கான கோப்பி அல்ல. பால் ஊற்றினால் அதன் மெல்லிய புளிப்பை யாராலும் பிடிக்க முடியாது.


திருநெல்வேலி வாசி எழுதியது:

தம்பி, நான் பால் ஊற்றவே இல்லை. வெறுங்கோப்பியிலேயே புளிப்பு இல்லை என்பதுதான் என் குறை. அதனால்தான் தண்ணீரைச் சந்தேகிக்கிறேன்.


இரசாயன ஆசான் எழுதியது:

உங்கள் சந்தேகம் சரியானது. சற்று விரிவாகவே எழுதுகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள். இருபது வருடமாகப் பள்ளிக்கூடத்தில் நீரின் வன்மையை, அதாவது அதில் கரைந்திருக்கும் சுண்ணாம்பின் கணக்கை, படிப்பிக்கிறேன், மாணவர்கள் யாரும் இதைக் கோப்பியோடு சேர்த்துக் கேட்டதில்லை.

யாழ்ப்பாணக் குடாநாடு சுண்ணாம்புக்கல்லின் மேல் இருக்கிறது. மழைநீர் மண்ணிலுள்ள காபனீரொட்சைட்டைக் கரைத்துக்கொண்டு இறங்கும்போது சுண்ணாம்புக்கல்லையும் கரைக்கிறது. கிணற்றில் நாம் அள்ளுவது கல்சியம் இருகாபனேற்று நிறைந்த தண்ணீர். கேத்தலின் அடியில் வெள்ளையாகப் படிவது அதிலிருந்து வந்த கல்சியம் காபனேற்றுதான். இருகாபனேற்று அமிலத்தைக் கண்டால் விடாது, நடுநிலையாக்கிவிடும். அரபிக்காவின் உயிரே அதன் அமிலங்களில் இருக்கிறது: குளோரோஜெனிக் அமிலம், சித்திரிக்கமிலம், மாலிக்கமிலம் போன்றவை. ஒரு கோப்பைக்கு இரண்டு கிராம் தூளில் வரும் அமிலம் மிகச் சிறிய அளவு. நம் தண்ணீரில் உள்ள இருகாபனேற்று அதில் பெரும்பகுதியை விழுங்கிவிடுகிறது. ஒஸ்லோவின் குடிநீர் மிக மென்மையானது, இந்தத் தடை அங்கே இல்லை. உங்கள் தம்பி வீட்டில் நாக்கின் ஓரத்தில் நின்ற புளிப்பு திருநெல்வேலியில் எங்கே போனது என்பதற்கு விடை இதுதான்.

ரொபஸ்டா கூடிய தூள் ஏன் தாக்குப்பிடிக்கிறது? அதன் பலம் புளிப்பில் இல்லை, கசப்பிலும் கனத்திலும் இருக்கிறது. கசப்பை இருகாபனேற்றால் அழிக்க முடியாது. நம் கிணறுகளுக்குப் பொருத்தமானது அதுவென்பதால்தான் பல வீடுகளில் சாதாரணத் தூளே பிடித்துப்போயிருக்கிறது என்று நான் நம்புகிறேன். விலையைப் பார்த்து மட்டும் வந்த பழக்கமாக அது எனக்குத் தெரியவில்லை.

பரிகாரமும் இருக்கிறது. இந்த வன்மை தற்காலிக வன்மை. கொதிக்க வைத்தால் இருகாபனேற்று பிரிந்து சுண்ணாம்பு படிந்துவிடும். ஆனால் மின்கேத்தல் கொதி வந்ததும் தானாக நின்றுவிடும், அது போதாது. வாயகன்ற பாத்திரத்தில் பத்து நிமிடமாவது தளதளவென்று கொதிக்கவிட்டு, மூடி ஆறவைத்து, அசைக்காமல் மேலே தெளிந்ததை வார்த்தெடுங்கள். அதை மறுபடி சூடாக்கி உங்கள் தம்பியின் கோப்பியைக் கலக்குங்கள். கடையில் விற்கும் சுத்திகரித்த தண்ணீரில் நேரே கலக்கினால் சில வேளை எதிர்ப்பக்கம் சாய்ந்துவிடும்: கனிமமே இல்லாத தண்ணீரில் புளிப்புக் கூர்மையாகி, உடம்பில்லாத கோப்பியாகத் தெரியும். கொதிக்க வைத்துத் தெளித்தது நடுவில் நிற்கும்.

இன்னொன்று. தேக்கரண்டியால் அளந்து ஒப்பிடுவது நியாயமாகாது. நுண்தூள் கரண்டியில் நெருக்கமாக இருக்கும், உறைய வைத்து உலர்த்திய துண்டுகளுக்கிடையில் வெற்றிடம் இருக்கும். ஒரே கரண்டி, வேறு வேறு எடை. இயன்றால் தராசில் நிறுத்து இரண்டு கிராம் எடுங்கள்.


வேலணை மகள் எழுதியது:

ஆசான் ஐயா, திருநெல்வேலிக்கு இது சரி. தீவகத்துக்கு வந்து பாருங்கள். எங்களுடைய சிக்கல் சுண்ணாம்பு மட்டும் அல்ல, உப்பு. நன்னீர் கடல்நீரின் மேல் மெல்லிய படையாக மிதப்பதால், மாரியில் குடிக்கக்கூடியதாக இருக்கும் கிணறே ஆவணி வெயிலில் உவர்த்துவிடும். நிலாவரைக் கிணற்றைப் பற்றி எல்லோருக்கும் தெரியும், மேலே நன்னீர், ஆழத்தில் உவர்நீர். எங்கள் கிணறுகளில் அந்த ஆழம் சில முழம்தான். கொதிக்க வைத்தால் உப்பு இன்னும் செறியும். அதனால் உங்கள் பரிகாரம் எங்களுக்கு உதவாது. குடிக்கும் தண்ணீரை வண்டியில் வருவதாகவோ மழைநீராகவோ தனியாகத்தான் வைத்திருக்கிறோம்.

ஆனால் ஒன்று கவனித்திருக்கிறேன். இலேசாக உவர்த்த தண்ணீரில் கலக்கிய கோப்பியில் கசப்புக் குறைவாகத் தெரிகிறது. என் மாமி அதனால்தான் வேறெங்கும் குடித்தால் கோப்பி கசக்கிறது என்பார்.


இரசாயன ஆசான் எழுதியது:

உங்கள் மாமி சொல்வது உண்மை, பிள்ளை. சோடியம் கசப்புணர்வை அடக்கும் என்பது நிறுவப்பட்ட விடயம். சில இடங்களில் கசந்த கோப்பியில் ஒரு சிட்டிகை உப்புப் போடுவதும் இதனால்தான். மழைநீர் சேமிப்பவர் என்றால் உங்களிடம் இருப்பதுதான் இந்த இழையிலேயே மிக மென்மையான தண்ணீர். அதில் ஒரு அரபிக்காக் கோப்பியைக் கலக்கிப் பார்த்து எழுதுங்கள்.


லண்டன் வாசி எழுதியது:

இங்கேயும் அதே கதைதான். லண்டன் தண்ணீர் சுண்ணாம்பு நிறைந்தது, கேத்தலைப் புளிநீர் ஊற்றிக் கழுவாமல் இருக்க முடியாது. வன்மையான தண்ணீருக்கென்றே தனிக் கலவையில் தேயிலை விற்கிறார்கள் இங்கே. கோப்பிக்கு அப்படி ஒன்றை நான் இன்னும் பார்க்கவில்லை. வடிகட்டிச் சாடி ஒன்று வாங்கிய பிறகே உறைய வைத்து உலர்த்திய கோப்பிக்குக் கொடுக்கும் காசு வீண்போகவில்லை என்று தோன்றியது.

ஊருக்குப் போத்தல் கொண்டு போகிறவர்களுக்கு ஒரு வேண்டுகோள்: உங்கள் நாக்குக்குப் பிடித்ததை வாங்காதீர்கள். ஊரில் யார் குடிக்கப் போகிறார்கள், பாலோடா, எந்தத் தண்ணீரில் என்று கேட்டு வாங்குங்கள். ஒரே பெயரில் விற்கும் கோப்பியைக்கூட நாட்டுக்கு நாடு உள்ளூர் ருசிக்கேற்ப வேறு கலவையில்தான் செய்கிறார்கள். லேபலைப் பார்த்து வீட்டில் பழகியதே என்று நம்பி வாங்க வேண்டாம்.


மூக்குப்பேணி எழுதியது:

ஆசான் சொன்ன தண்ணீர்க் கணக்கை வாசித்தேன். அது எனக்கு ஒன்றைப் புரியவைத்தது. நம் முன்னோர் கோப்பியில் மல்லியும் மிளகும் சேர்த்தது ஏன்? இந்தத் தண்ணீரில் கோப்பி தனித்து நின்று எடுபடாது என்று நாக்கால் கண்டுபிடித்திருப்பார்கள் போலிருக்கிறது. மல்லியின் மணத்தையும் மிளகின் காரத்தையும் சுண்ணாம்பு ஒன்றும் செய்யாது. இது என் ஊகம்தான், ஆனால் நான் அதை விடப்போவதில்லை.

ரொபஸ்டாவைப் பற்றிப் பேசுகிறீர்கள். அதன் கதையில் இலங்கைக்கும் பங்கு இருக்கிறது, இளையவர்கள் தெரிந்துகொள்ள வேண்டும். மலைநாடு முழுவதும் ஒரு காலத்தில் அரபிக்காக் கோப்பித் தோட்டம்தான். 1869 இல் இலையில் செம்மஞ்சள் துரு படரும் பூஞ்சை நோய் இங்கே அறியப்பட்டது. ஹெமிலியா வஸ்ராற்றிக்ஸ் என்று அதற்குப் பெயர். 1880 இல் மார்ஷல் வார்ட் என்ற தாவரவியலாளர் வந்து இரண்டு வருடம் ஆராய்ந்து அது எப்படிப் பரவுகிறது என்று எழுதினார், ஆனால் தோட்டங்களைக் காப்பாற்ற முடியவில்லை. மன்னார்க் கரையில் இறங்கிக் காட்டு வழியே நடந்து வந்த எத்தனையோ ஆயிரம் தமிழ்த் தொழிலாளர்களின் உழைப்பில் எழுந்த தொழில் அது. இருபது வருடத்தில் அழிந்து, அந்த நிலத்தில் தேயிலை வந்தது. அதே நோய் ஜாவாவையும் தாக்கியபோதுதான், இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில், நோயைத் தாங்கும் ரொபஸ்டாவை அங்கே பெருமளவில் நட்டார்கள். இன்று போத்தல் கோப்பிக்கு அடித்தளமாக இருப்பது அந்த இனம்.

கோப்பி விளைந்த நாட்டில் இருந்துகொண்டு போத்தலுக்கு வெளிநாட்டைப் பார்த்திருக்கிறோம் என்பது எனக்கு உண்மையான மனவருத்தம்.


இரவுப்பணி எழுதியது:

ஐயா, உங்கள் வருத்தம் புரிகிறது. ஆனால் உடனடிக் கோப்பியைத் தரக்குறைவாக நினைக்க வேண்டாம். அதுவும் விளைந்ததை வீணாக்காமல் காப்பாற்ற எழுந்ததுதான். 1930 வாக்கில் பிரேசிலில் கோப்பி விலை விழுந்து மூட்டைகள் தேங்கியபோது, கெட்டுப்போகாமல் வைத்திருக்கக்கூடிய கோப்பி வேண்டும் என்று கேட்டதிலிருந்தே நெஸ்கபே ஆராய்ச்சி தொடங்கியது. மக்ஸ் மோர்கென்தாலர் என்ற சுவிஸ் இரசாயனவியலாளர் பல வருடம் உழைத்தார். 1938 இல் சந்தைக்கு வந்தது. அதற்கு முன்பும் சிலர் செய்திருக்கிறார்கள்; சிக்காகோவில் இருந்த சத்தோரி கற்றோ என்ற யப்பானியர் 1903 இல் காப்புரிமை பெற்றிருக்கிறார்.

செய்முறையையும் சொல்கிறேன், ஏனென்றால் ருசி வேறுபாட்டின் இன்னொரு பாதி அங்கே இருக்கிறது. இரண்டு வகையிலும் முதலில் பெரிய கலங்களில் கோப்பியைக் காய்ச்சிச் சாறெடுக்கிறார்கள். சாதாரணத் தூளுக்கு அந்தச் சாற்றை உயரமான கோபுரத்துக்குள் சூடான காற்றில் தூவுகிறார்கள். கீழே விழும்போதே காய்ந்துவிடும். வேகமானது, மலிவானது, ஆனால் அந்தச் சூட்டில் வாசத்தின் ஒரு பங்கு பறந்துவிடும். மற்ற வகைக்குச் சாற்றைப் பூச்சியத்துக்குக் கீழே 40 பாகை அளவில் உறைய வைத்து, உடைத்து, வெற்றிடத்தில் வைக்கிறார்கள். பனிக்கட்டி நீராக உருகாமல் நேரே ஆவியாகிவிடும். சூடு குறைவு என்பதால் வாசம் கூடுதலாகத் தங்கும். தூளைக் கண்ணால் பார்த்தே பிரித்துவிடலாம்: மாப்போல அல்லது உருண்டையான மணிகளாக இருந்தால் முதல் வகை, உடைந்த கண்ணாடித் துண்டு மாதிரி முனையோடு இருந்தால் இரண்டாவது.


சென்னையில் படித்தவன் எழுதியது:

இவ்வளவும் வாசித்த பிறகும் எனக்கு ஒரு ஐயம். வேறுபாடு உண்மையிலேயே நாக்குக்குத் தெரிகிறதா, அல்லது போத்தலைப் பார்த்து மனம் முடிவு செய்துவிடுகிறதா?


இரசாயன ஆசான் எழுதியது:

நல்ல கேள்வி தம்பி. அதற்கு முக்கோணச் சோதனை என்று ஒன்று உண்டு, உணவுத் துறையில் பயன்படுத்துகிறார்கள். மூன்று கோப்பை. இரண்டில் ஒரே கோப்பி, ஒன்றில் வேறு. எதில் எது என்பதைக் கலக்கியவர் மட்டும் அறிந்திருக்க வேண்டும், அவரும் பரிமாறக் கூடாது. குடிப்பவர் ‘எது பிடித்தது’ என்று சொல்ல வேண்டியதில்லை. ‘எது தனியானது’ என்று மட்டும் சொன்னால் போதும். கண்ணை மூடிக்கொண்டு சொன்னாலே மூன்றில் ஒரு முறை சரியாகிவிடும், ஆகவே பலரை வைத்து, கோப்பைகளை இடம் மாற்றி மாற்றிக் கொடுக்க வேண்டும். சூடும் ஒன்றாக இருக்க வேண்டும். மிகச் சூடாக இருக்கும்போது நாக்குக்கு எதுவும் தெரியாது. குடிக்க இதமான சூட்டுக்கு வந்த பிறகு புளிப்பும் இனிப்பும் துலங்கும்.


திருநெல்வேலி வாசி எழுதியது:

செய்து பார்த்துவிட்டோம். வீட்டில் அம்மா, மாமா, தங்கை, பக்கத்து வீட்டு அக்கா எல்லோரும் இருந்தார்கள். கலக்கியது நான், பரிமாறியது தங்கையின் கணவர். தராசு நகைவேலை செய்யும் உறவினரிடம் வாங்கியது.

முதலில் கிணற்றுத் தண்ணீரை மின்கேத்தலில் சூடாக்கிக் கலக்கினோம். தம்பியின் அரபிக்காவையும் கடைத்தூளையும் பிரித்தறிய முடிந்தது, ஆனால் திணறினார்கள். பிரித்தவர்களும் கசப்பைக் கொண்டுதான் பிரித்தார்கள். வாசத்தையோ புளிப்பையோ ஒருவரும் குறிப்பிடவில்லை. பிறகு ஆசான் ஐயா சொன்னபடி கொதிக்க வைத்துத் தெளித்த தண்ணீரில் கலக்கினோம். பாத்திரத்தின் அடியில் படிந்த வெள்ளையைப் பார்த்து அம்மா திகைத்துப்போனார். இந்த முறை தயக்கமே இல்லை. முகர்ந்த உடனேயே தனியானதைக் காட்டினார்கள். ஒஸ்லோவில் குடித்தது முழுவதும் திரும்பவில்லை, ஆனால் அந்தப் புளிப்பு வந்துவிட்டது. எனக்கு எவ்வளவு மகிழ்ச்சி என்று சொல்ல முடியாது.

இனி, எனக்கு முக்கியமாகப் பட்டதைச் சொல்கிறேன். எது தனியானது என்று மிகத் தெளிவாகக் கண்டுபிடித்தவர் அம்மாதான். எது வேண்டும் என்று பிறகு கேட்டபோது, அவர் எடுத்தது கடைத்தூள், அதுவும் பால்மாவும் சீனியும் போட்டு. “இது வாசமான கோப்பிதான், ஆனால் எனக்கு இது கோப்பி இல்லை” என்றார். மாமா அரபிக்காவை வெறுங்கோப்பியாகவே இரண்டாவது கோப்பை கேட்டு வாங்கினார். வேறுபாடு தெரியாதவர்கள்தான் மலிவானதைக் குடிக்கிறார்கள் என்று இங்கேயும் வெளியிலும் பலர் பேசுகிறார்கள். அது அநியாயமான பேச்சு. அம்மாவுக்கு எல்லாம் தெரிகிறது. தெரிந்துகொண்டே தன்னுடையதை எடுக்கிறார்.

பனங்கட்டியோடும் குடித்துப் பார்த்தோம், மூக்குப்பேணி ஐயாவுக்காக. கடித்துக்கொண்டு குடித்தால் இரண்டு கோப்பியுமே நன்றாக இருந்தன. கோப்பைக்குள் பனங்கட்டியைப் போட்டுக் கரைத்தபோது அரபிக்காவின் புளிப்பு மறுபடி மங்கியது.


இரசாயன ஆசான் எழுதியது:

மங்கத்தான் செய்யும். பனங்கட்டி காய்ச்சும் கருப்பநீர் (பதநீர்) புளித்துக் கள்ளாகிவிடாமல் இருக்க முட்டியின் உட்புறத்தில் சுண்ணாம்பு பூசித்தான் இறக்குகிறார்கள். காய்ச்சும் முன் தெளித்தாலும் சிறிதளவு பனங்கட்டியில் தங்கியிருக்கலாம். பனங்கட்டிக்கு அதற்கேயுரிய வலுவான மணமும் இருக்கிறது. கடித்துக் குடிப்பதே சிறந்த வழி.


மூக்குப்பேணி எழுதியது:

அதைத்தானே முதலிலேயே சொன்னேன்.

நானும் தெளித்த தண்ணீரில் என் வீட்டுத் தூளைக் கலக்கிப் பார்த்தேன். மல்லியின் மணம் கூடவும் இல்லை, குறையவும் இல்லை. கோப்பியின் வாசம் சற்று முன்னுக்கு வந்தது, அதை ஒத்துக்கொள்கிறேன். அடுத்த முறை வறுக்கும்போது மல்லியைக் குறைத்துப் போடலாமா என்று யோசிக்கிறேன். போத்தல் கோப்பி பற்றிய என் எண்ணம் மாறவில்லை. ஆனால் உங்கள் அம்மா சொன்ன வார்த்தை எனக்கு மிகவும் பிடித்திருந்தது, பிள்ளை. அவருக்கு என் வணக்கத்தைச் சொல்லுங்கள்.


வேலணை மகள் எழுதியது:

இடையில் ஒரு அவசர உதவி. எங்கள் வீட்டில் திறந்த போத்தல் இரண்டு கிழமையில் கல்லாக இறுகிவிடுகிறது. கடற்காற்றுத்தான் காரணம் என்று நினைக்கிறேன். குளிர்சாதனப் பெட்டியில் வைக்கலாமா?


இரவுப்பணி எழுதியது:

வைக்காதீர்கள், அக்கா. குளிர்ந்த போத்தலை வெளியே எடுத்துத் திறந்ததும் காற்றிலுள்ள ஈரம் உள்ளே தூளில் படியும், இன்னும் மோசமாகும். இந்தத் தூள் ஈரத்தை இழுக்கும் குணமுள்ளது. ஈரக்கரண்டி போடாமல் இருப்பதும், கொதிக்கும் கேத்தலின் ஆவிக்கு மேலே போத்தலைத் திறக்காமல் இருப்பதும்தான் முக்கியம். பெரிய போத்தலில் இருந்து ஒரு கிழமைக்கு வேண்டியதைச் சின்னப் போத்தலில் எடுத்துக்கொண்டு பெரியதை இறுக மூடிவையுங்கள். தீவுப் பகுதிக்கு 50 கிராம் போத்தலே நல்லது, விலை சற்றுக் கூடினாலும்.

இறுகியதை எறிய வேண்டாம். பூஞ்சை பிடிக்காமல், வாசம் மாறாமல் இருந்தால் உடைத்துப் பாலில் கலக்கிவிடலாம். வெறுங்கோப்பிக்கு அது சரிவராது.


வேலணை மகள் எழுதியது:

நன்றி தங்கச்சி. ஆசான் ஐயா கேட்டபடி மழைநீரில் கலக்கிப் பார்த்தேன். அரபிக்கா கிடைக்கவில்லை, கடைத்தூள்தான். மாமிக்குப் பிடிக்கவில்லை, கசக்கிறது என்றார். அதே தூளை வழக்கமான தண்ணீரில் கலக்கிக் கொடுத்ததும் குடித்துவிட்டார். எனக்கு மழைநீரில் கலக்கியது பிடித்திருந்தது. வாசம் தெளிவாக இருந்தது. ஆகவே இனி எங்கள் வீட்டில் இரண்டு கேத்தல்.


திருநெல்வேலி வாசி எழுதியது:

எங்கள் வீட்டில் எடுத்த முடிவையும் எழுதிவிடுகிறேன். அன்றாடப் பால்கோப்பிக்குக் கடைத்தூள், தண்ணீரைப் பற்றிக் கவலைப்படப் போவதில்லை. தம்பியின் போத்தல் வெறுங்கோப்பிக்கு மட்டும், தெளித்த தண்ணீரில் மட்டும். அடுத்த முறை வரும்போது ஒரு போத்தல் போதும், அதற்குப் பதிலாக அம்மாவுக்குக் கம்பளிப் போர்வை கொண்டு வா என்று அவனிடம் சொல்லிவிட்டேன். சுன்னாகம், அச்சுவேலி, சாவகச்சேரிப் பக்கத்தில் இருப்பவர்கள் யாராவது உங்கள் கிணற்றுத் தண்ணீரிலும் இதே சோதனையைச் செய்து எழுதுங்கள். மாரிக்கு முன்பும் பின்பும் செய்தால் இன்னும் நல்லது. கேத்தலில் எவ்வளவு வெள்ளை படிகிறது என்பதையும் மறக்காமல் குறிப்பிடுங்கள்.